ஒரே தட்டு, இரண்டு நாடுகள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றியுள்ள பகுதியில் எத்தியோப்பிய உணவகம் தேடுவது, கோபியில் டீக்கடை தேடுகிற மாதிரி. தெருவுக்கு ஒன்று கண்ணில் படும். சில கடைப் பலகைகளில் மட்டும் இரண்டு நாடுகளின் பெயர் இருக்கும்: ‘எரித்திரிய - எத்தியோப்பிய உணவகம்’. நம் ஊரில் ‘சைனீஸ், தந்தூரி, சவுத் இண்டியன்’ என்று எழுதுவதைப் போல இதுவும் ஒரு வியாபாரச் சங்கதி என்று கடந்து போய்விடலாம். ஆனால் அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே இருக்கும் சின்னக் கோட்டுக்குள் முப்பது வருட விடுதலைப் போர் ஒன்று, எல்லைப் போர் ஒன்று, இருபது வருட மௌனம் ஒன்று, நிலைக்காத சமாதானம் ஒன்று எல்லாம் அடங்கியிருக்கின்றன.

2017-லிருந்து 2019 வரை ப்ராஜெக்ட் வேலையாக மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்தேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அப்படி இரட்டைப் பெயர் கொண்ட கடை ஒன்று இருந்தது. சைவம் கேட்டால் ‘விரதத் தட்டு’ என்று ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக்கிழமைகளில் கவிச்சி தொடமாட்டார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போகுமா?

தட்டின் மேல் விரித்திருக்கும் இஞ்செரா, மாவைப் புளிக்கவைத்து ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுத்தது. மேலெல்லாம் ஆப்பம் மாதிரி கண்கண்ணாக இருக்கும், புளிப்பு மட்டும் ஒரு பிடி அதிகம். அதன்மேல் மைசூர்ப் பருப்புக் குழம்பு, வறுத்த கடலைமாவில் கிண்டிய ஷிரோ, கீரை, முட்டைக்கோஸ் என்று வட்டம் வட்டமாக வைத்திருப்பார்கள். கறி வகைகளில் ஊற்றும் நெய்யை மசாலாப் பொருட்கள் போட்டுக் காய்ச்சுகிறார்கள். வெண்ணெய் உருக்கும்போது முருங்கைக் கீரை கிள்ளிப் போடுகிற எங்கள் அம்மாயிக்கு அதன் வாசம் பிடித்திருக்கும். கடைசியில் பச்சைக் காப்பிக் கொட்டையை நம் கண்முன் வறுத்து, சாம்பிராணி போட்டு, மண் கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள்.

இந்த ஒற்றுமை முழுக்கத் தற்செயலானதும் அல்ல. நாம் ‘நம்ம பாரம்பரியம்’ என்று பாக்கெட் போட்டு விற்கும் ராகி, எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வரையிலான கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் மனிதர்கள் பழக்கியெடுத்த தானியம். எத்தியோப்பியாவில் அதற்கு ‘தகுசா’ என்று பெயர். சோளத்தின் பூர்வீகம் கிழக்குச் சூடான், கம்பின் பூர்வீகம் சஹாராவின் தெற்கு ஓரம். கொடிவேரி அணையும் வாய்க்காலும் இருந்ததால் கோபிப் பக்கம் நெல் விளைந்தது. வாய்க்கால் எட்டாத மேட்டாங்காட்டு ஜனங்களின் வயிற்றை நிரப்பியதெல்லாம் கடல் தாண்டி வந்த இந்த மூன்றும்தான்.

சரி, அந்தக் கோட்டுக்கு வருவோம்.

எரித்திரியா என்ற எல்லையை வரைந்தது இத்தாலி. 1890-ல் செங்கடல் ஓரத்தைத் தன் காலனியாக அறிவித்தது. அங்கிருந்து தெற்கே இறங்கி எத்தியோப்பியாவையும் விழுங்கப் பார்த்தபோது, 1896 மார்ச் 1 அன்று அத்வா என்ற இடத்தில் பேரரசர் மெனெலிக்கின் படை இத்தாலியர்களை நொறுக்கியது. அந்த ஒரு நாளில்தான் கோடு உறைந்தது. கோட்டுக்கு வடக்கே காலனி, தெற்கே சுதந்திர நாடு. இரண்டு பக்கமும் அதே திக்ரின்யா மொழி, அதே தேவாலயம், அதே புளித்த மாவு. எரித்திரியக் கடைகளில் மெனு அட்டையின் பின்பக்கம் ஸ்பகெட்டி இருப்பதற்கும், குழம்பில் தக்காளி தூக்கலாக இருப்பதற்கும் இத்தாலிதான் காரணம்.

அதற்கும் முன்பே நம் ஆட்கள் அங்கே போயிருக்கிறார்கள். 1868-ல் பேரரசர் தெவோத்ரோஸ் சிறைபிடித்த ஐரோப்பியர்களை மீட்க, நேப்பியர் தலைமையில் பிரிட்டிஷ் இந்தியப் படை இன்றைய எரித்திரியக் கரையில் இறங்கியது. பீரங்கி சுமக்க 44 யானைகளையும் கப்பலில் ஏற்றிப் போனார்கள். அந்தப் படையில் மதராஸ் சாப்பர்ஸ் இருந்தார்கள். பாதை போடுவதும் பாலம் கட்டுவதும்தான் சாப்பர்களின் தொழில். ‘தம்பி’ என்று ராணுவத்தில் செல்லமாக அழைக்கப்படும் அந்தப் படைப்பிரிவின் போர் விருதுகளில் ‘அபிசீனியா’ இன்றும் ஒன்று. 1941-ல் கெரென் மலைகளில் இத்தாலியர்களை முறியடித்ததிலும் இந்திய டிவிஷன்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக, அந்த எல்லையின் கதையில் நமக்கும் கூலிக்காரப் பாத்திரம் ஒன்று இருக்கிறது.

பிறகு நடந்தது ஈழம் படித்தவர்களுக்குப் பழகிய கதை. 1952-ல் எரித்திரியாவை எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியாகச் சேர்த்தார்கள். 1962-ல் பேரரசர் ஹைலி செலாசி அந்தக் கூட்டாட்சியைக் கலைத்து அதை வெறும் மாகாணமாக்கினார். அதற்கு முந்தைய வருடமே ஆயுதப் போர் தொடங்கிவிட்டது. 1974-ல் பேரரசரைக் கவிழ்த்து வந்த ராணுவ அரசின் சிவப்புப் பயங்கரத்துக்குத் தப்பித்துத்தான் இரண்டு தரப்பு மக்களும் சூடான் வழியாக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1980-ல் வந்த அகதிகள் சட்டம் கதவைத் திறந்துவிட்டது. படித்த படிப்புக்கு வேலை கிடைக்காதவர்கள் டாக்ஸி ஓட்டினார்கள், கடை போட்டார்கள். 1991-ல் போர் முடிந்து, 1993 வாக்கெடுப்பில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆதரவோடு எரித்திரியா தனிநாடானது. அதன் பிறகு இன்றுவரை அங்கே ஒரு தேசியத் தேர்தல்கூட நடக்கவில்லை. விடுதலை கிடைத்த நாட்டிலிருந்து பிள்ளைகள் இன்னும் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஈழத்தோடு ஒப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டிவிட்டு ஒப்பிட வேண்டும்.

1998-ல் பாத்மே என்ற சிற்றூருக்காக இரண்டு நாடுகளும் மோதின. இரண்டே வருடத்தில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். எரித்திரிய வம்சாவளியினர் என்று சுமார் 75,000 பேரை எத்தியோப்பியா நாடு கடத்தியது, எரித்திரியாவும் பதிலுக்குத் துரத்தியது. 2000-ல் சண்டை நின்ற பிறகும் தொலைபேசி இணைப்பு வரவில்லை. அக்கா ஒரு நாட்டில், தம்பி இன்னொரு நாட்டில், நடுவில் 18 வருடங்களுக்கும் மேல் ஒரு குரல்கூட இல்லை.

2018 ஜூலையில் சமாதானம் வந்தது. லைன் திறந்த நாளில் ஜனங்கள் தெரியாத எண்களுக்கெல்லாம் போன் போட்டுப் பேசினார்கள் என்று செய்தியில் படித்தேன். எங்கள் கடையில் அன்றைக்குக் காப்பிக்குக் காசு வாங்கவில்லை. கல்லாவில் இருந்த அஸ்மாரா ஊர்க்காரர் யாரிடமும் பேசவில்லை, ஒவ்வொரு மேசையாகப் போய் ஒரு வாய் உருட்டி ஊட்டிவிட்டார். அதற்கு ‘குர்ஷா’ என்று பெயர். பக்கத்து மேசையில் கூச்சத்தோடு நின்ற எனக்கும் ஊட்டினார். அடுத்த நாள் போனில் அம்மாவிடம் சொன்னேன்.

“எல்லாருங் கைய உட்ட தட்டுலயா சாப்புட்டே? எச்சி இல்லியா கண்ணு?” என்றார் அம்மா.

“நம்ம அம்மாயி நிலாச்சோறு உருட்டிக் குடுக்கறப்ப எச்சியாம்மா?”

“அது நம்மூட்டு ஆளுங்க.”

அந்த ‘நம்மூட்டு ஆளுங்க’ என்ற சொல்லுக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. அதே ஜூலை மாதம், கோபியிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில், அவிநாசி வட்டாரத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு போராட்டம் நடந்தது. சத்துணவு சமைக்க வந்த அம்மா அருந்ததியர் என்பதால், அவர் சமைத்தால் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஆதிக்க சாதிப் பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அவரை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. பல்லாயிரம் பேரை ஒருவரையொருவர் கொன்ற இரண்டு நாட்டவர் ஒரே தட்டில் கைவைத்துக்கொண்டிருந்தபோது, ஒரே தண்ணீர் குடித்து ஒரே மொழி பேசுகிற எங்கள் வட்டாரத்தில் சோற்றுக் கரண்டி யார் கையில் இருக்கிறது என்று சண்டை.

இங்கே நிறுத்திவிட்டால், ‘சேர்ந்து சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று முடித்துக் கைதட்டு வாங்கிவிடலாம். வரலாறு அப்படி முடியவில்லை. எல்லை திறந்த சில மாதங்களிலேயே கடவுகள் மறுபடி மூடிக்கொண்டன. 2020 நவம்பரில் திக்ராயில் போர் மூண்டது. இந்த முறை எத்தியோப்பிய மத்திய அரசும் எரித்திரிய ராணுவமும் ஒரே பக்கம் நின்று, நடுவிலிருந்த திக்ராய் மக்களை நசுக்கின. 2022 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் லட்சக்கணக்கானோர் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். திக்ராயின் தலைநகர் மெக்கெலேயில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பேராசிரியர்கள் வேலை பார்த்தார்கள். கொங்குப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் சம்பளம் கட்டுப்படியாகாமல் எத்தியோப்பியா போன வாத்தியார்களை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். எங்களுக்கு சிக்னல்ஸ் எடுத்தவர்கூட இரண்டாம் செமஸ்டர் நடுவில் அப்படித்தான் கிளம்பினார். போர் தொடங்கிய வாரங்களில் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் அவரைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம். அவர் அதற்கு முன்பே ஊர் திரும்பியிருந்தார். அவரிடம் படித்த பிள்ளைகளுக்குத் திரும்ப வேறு ஊர் இல்லை.

ஆக, ஒரே தட்டு போரைத் தடுக்காது. அத்வா காலத்திலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தான் பாத்மேயில் சுட்டுக்கொண்டார்கள். ஆனால் தட்டைப் பிரிப்பதற்குத் தனியாகப் போர் எதுவும் தேவையில்லை, அதுவே ஒரு போர். துப்பாக்கிச் சத்தம் கேட்காததால் அதை ‘வழக்கம்’ என்று சொல்லிக்கொள்கிறோம். சேர்ந்து உண்பது நீதிக்குப் போதாது. சேர்ந்து உண்ண மறுக்கிற இடத்தில் நீதியின் பேச்சையே தொடங்க முடியாது.

கோபிக்கு இது புதுப் பாடம் அல்ல. விடுதலைப் போராட்ட வீரர் ஜி.எஸ். லட்சுமண அய்யர் (1917–2011) எங்கள் ஊர்க்காரர். தலித் மக்களைத் தங்கள் வீட்டுக்குள் சேர்த்ததற்காக அவர் குடும்பத்தைச் சொந்தச் சாதியினரே விலக்கி வைத்தார்கள். அவர் அசரவில்லை. தலித் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். நகராட்சித் தலைவராக இருந்தபோது, மனிதர் மலத்தை மனிதர் தலையில் சுமக்கும் வேலையைக் கோபியில் ஒழித்தார். குடும்பச் சொத்தின் பெரும்பகுதி பொதுக் காரியத்தில் கரைந்தது.

அவர் செய்ததில் இருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வீட்டு வாசல், பிறகு படிப்பு, பிறகு நகராட்சிச் சட்டம். சமபந்தியில் ஒரு நாள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. வீட்டில் தொடங்கியதை அலுவலகக் கோப்பு வரை கொண்டுபோனார், அதற்கான விலையையும் தானே கொடுத்தார். அஸ்மாராவும் அடிஸ் அபாபாவும் செய்யாமல் விட்டது அந்த இரண்டாம், மூன்றாம் படிகளைத்தான். 2018-ல் தலைவர்கள் கட்டிப்பிடித்தார்கள், விருந்து உண்டார்கள், விமானம் விட்டார்கள். எல்லை எது, யார் எந்த உரிமையோடு எங்கே வாழலாம் என்பதை எழுதி வைக்க யாரும் உட்காரவில்லை.

எங்களுக்கு இன்னும் முதல் படியே பாக்கி இருக்கிறது. அதற்குப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கரண்டி பிடித்திருக்கும் கையைப் பார்க்காமல், பசியோடு தட்டை நீட்டுகிற பிள்ளையாக நம் வீட்டுப் பிள்ளையை வளர்த்தால் போதும்.