மூர் மார்க்கெட்டின் மழைக்காலம்

எங்கள் ஊர் திருத்தணியில் புறநகர் ரயில் ஏறினால், அரக்கோணம் வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர் வந்து, சென்னை சென்ட்ரலை ஒட்டிய முனையத்தில் நிற்கும். ரயில்வே கணக்கில் அந்த முனையத்துக்கு இன்னும் மூர் மார்க்கெட் என்றே பெயர். பெயருக்கு உரியது 1985 மே 30 அன்று எரிந்துபோனது.

மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரில், 1900இல் திறந்த செங்கல் கட்டடம் அது. கிராமபோன் தட்டு, கிளி, முயல், கடிகாரம் எல்லாம் விற்றார்கள். எனக்குத் தெரிந்த மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை வரிசை மட்டும்தான்.

பள்ளி திறக்கும் ஜூனில் அங்கே போகவே கூடாது. பாதி விலைப் பாடப்புத்தகத்துக்கும் கோனார் உரைக்கும் பெற்றோர் முண்டியடிப்பார்கள். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் வியாபாரம் படுத்துவிடும். அப்போது அவர்களுக்கு இருந்த ஒரே வேலை ஈரத்தோடு சண்டை போடுவது. தூறல் விழுந்ததும் தார்ப்பாயை இழுத்து மூடுவார்கள். வெயில் தலைகாட்டினால் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்த பைண்டுகளை விரித்துக் காயவைப்பார்கள். ராமபாணப் பூச்சி அரித்த பக்கங்களை விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். பேச நேரம் கிடைப்பதும் அப்போதுதான். மழைக்காலத்தில் போனவர்களுக்குத்தான் அந்தக் கடைகளின் அருமை தெரியும் என்று இன்றும் நம்புகிறேன்.

தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை பதிப்பித்த முருகவேள் பன்னிரு திருமுறையில் ஒரு தொகுதி மட்டும் அப்பாவிடம் இல்லை. திருப்புகழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றிய வ.த. சுப்பிரமணிய பிள்ளையின் மகன் அவர். பட்டத்திலேயே எங்கள் ஊரைச் சுமந்தவரின் நூல் எங்கள் ஊர் வீட்டில் குறைபட்டு நிற்கிறதே என்று அப்பாவுக்கு ஆற்றாமை. நான் வழக்கமாகப் போகும் கடைக்காரரிடம் ஒருமுறைதான் சொன்னேன். அவர் எதிலும் குறித்துக்கொள்ளவில்லை. அதன்பின் நான் வரிசைக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவார்: "திருத்தணி தம்பி, அப்பாவோடது இன்னும் வரல. வரும், வராம எங்க போவும்?" இப்படி எத்தனை பேரின் தேவையை அவர் தலைக்குள் வைத்திருந்தாரோ! வீட்டைக் காலிசெய்து எடைக்கு வரும் மூட்டையைப் பிரிக்கும்போதே, எது யாருக்கு என்று அவர் கை பிரித்துவிடும்.

1984 டிசம்பர் 31 அன்று அந்தத் தொகுதியை எடுத்து நீட்டினார். ஓரத்தில் ஈரக்கறை. அன்றிரவு எங்கள் ஊரில் படித் திருவிழா. 365 படிகளிலும் படிக்கொரு பூசையும் திருப்புகழுமாக ஏறி, புத்தாண்டை முருகன் சந்நிதியில் தொடங்குவது வழக்கம். பனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அதற்குள் அந்தப் புத்தகத்தையும் அணைத்துக்கொண்டு அப்பா மலையேறினார்.

ஐந்தே மாதம். தீக்குப் பிறகு கடைக்காரர்கள் சிலர் அல்லிக்குளம் வணிக வளாகத்துக்குப் போனார்கள். கடை கடையாக விசாரித்தேன். என் கடைக்காரர் அங்கே வரவில்லை.

புத்தகம் என்னிடம் இருக்கிறது. முதல் பக்க மூலையில் அவர் பென்சிலால் எழுதிய 12 அழியவில்லை. நான் பேரம் பேசி ஒன்பது ரூபாய் கொடுத்தேன். பேசாமல் கேட்டதைக் கொடுத்திருக்கலாம்.