அறுவைக்குப் பின் குழந்தைகளின் மீட்சி: அளவீட்டின் வரலாறு

அறுவைச் சிகிச்சையும் மயக்க மருந்தும் முடிந்தபின் ஒரு குழந்தை எவ்வளவு தேறியிருக்கிறது என்று கணக்கிடும் முறைகள் 1960களில்தான் உருவாகத் தொடங்கின. அதற்கு முன் காயம் ஆறியதா, உயிர் தங்கியதா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். பெரியவர்களுக்கும் இதே நிலைதான். நெற்றித் தோலை எடுத்து மூக்கை மீட்டமைக்கும் புனே வைத்தியரின் கைவண்ணத்தை 1794இல் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ படத்துடன் வெளியிட்டது. திப்புவின் படையினரிடம் சிக்கி மூக்கிழந்த கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டியோட்டியின் கதை அது. புது மூக்கு நிலைத்ததா, பார்வைக்கு இயல்பாக இருக்கிறதா என்பதை அந்தக் குறிப்பு சொல்கிறது. வலி எத்தனை நாள் இருந்தது, அவர் எப்போது நிம்மதியாகத் தூங்கினார் என்று அது கேட்கவில்லை. டேவிட் சாசூனின் நன்கொடையால் புனேயில் எழுந்த சாசூன் மருத்துவமனை 1867இல் திறக்கப்பட்டபோது குளோரோஃபார்ம் வழக்கத்துக்கு வந்திருந்தது. அறுக்கும்போது வலி தெரியாமல் செய்ய வழி கிடைத்திருந்தது. கண் விழித்த பிறகு வருவதை அளக்க வழியில்லை.

எண்ணால் அளக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார். பிறந்த சிசுவுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும் அவரது முறை 1953இல் வெளியானது. அதே அச்சில் 1970இல் ஆல்ட்ரீட் என்பவரும் அவரது சகாவும், மயக்கத்திலிருந்து எழுபவர்களுக்கு அசைவு, மூச்சு, ரத்த ஓட்டம், உணர்வு, தோல் நிறம் என ஐந்தைப் பார்த்து மதிப்பெண் இட்டார்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் பரவியபின், 1995இல், தோல் நிறத்தின் இடத்துக்கு ஆக்சிஜன் அளவு வந்தது. டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையின் ஸ்டீவர்ட் 1975இலேயே இதைச் சுருக்கினார். நிறத்தைக் கண்ணால் சரியாக மதிப்பிட முடியாது, ரத்த அழுத்தம் மீட்சியைக் காட்டாது என்று வாதிட்டு, உணர்வு, மூச்சுப்பாதை, அசைவு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். இவையெல்லாம் உயிர் காத்த அளவுகோல்கள், அதில் ஐயமில்லை. ஆனால் இவை பதில் சொல்வது மருத்துவமனையின் கேள்விக்கு: இந்தப் பிள்ளையை வார்டுக்கு அனுப்பலாமா?

பிள்ளையின் கேள்வி வேறு. ஸ்டீவர்ட் அட்டையில் மூச்சுப்பாதைக்கான முழு மதிப்பெண் இரண்டு. குழந்தை அழுதாலே அது கிடைத்துவிடும். வீறிட்டு அழுதால் காற்று தடையின்றிப் போகிறது என்று பொருள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1997இல் வெளியான ‘ஃபிளாக்’ அட்டை முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குதல் ஆகியவற்றைப் பார்க்கிறது. அங்கேயும் விடாத அழுகைக்கு இரண்டு, ஆனால் அது வலிக்கான மதிப்பெண். ஒரே அழுகை ஓர் அட்டையில் நலம், இன்னொன்றில் துன்பம். இரண்டும் சரிதான் என்பதால்தான் ஒரே எண்ணில் மீட்சியை அடைக்க முடியாது என்கிறோம். வலியை அளப்பது இருக்கட்டும், பச்சிளம் சிசுவுக்கு வலியே அவ்வளவாகத் தெரியாது என்று மருத்துவ உலகில் பலர் நம்பிய காலமும் இருந்தது. இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த கன்வல்ஜீத் ஆனந்த் 1987இல் அதை அசைத்தார்: இதய அறுவைக்குள்ளான குறைமாதக் குழந்தைகளில், ஃபென்டனில் என்ற வலிநீக்கி மருந்தைப் பெறாதவர்களின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்தன, சிக்கல்களும் கூடின. 2004இல் டொராண்டோவின் சிகிச், லெர்மன் இருவரும் இன்னொன்றைப் பிரித்துக் காட்டினார்கள். விழித்தெழும் பிள்ளை தாயின் கண்ணைப் பார்க்கிறதா, சுற்றுப்புறம் அதற்குத் தெரிகிறதா என்று கேட்கும் அவர்களது அளவுகோல் மயக்கம் தெளியும்போது வரும் குழப்பத்தைக் கணக்கிடுகிறது. வலியும் குழப்பமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மருந்து வேறு.

வீட்டுக்குப் போனபின் நடப்பதை வினாத்தாளாக்கிக் கேட்டவர்கள் வெர்னனும் அவரது சகாக்களும். 1966இல் வந்த அவர்களது வினாத்தாளைப் பெற்றோர் நிரப்புவார்கள்: இரவில் படுக்கையை நனைக்கிறதா, கெட்ட கனவு காண்கிறதா, நீங்கள் சற்று நகர்ந்தாலும் கலங்குகிறதா, அறுவைக்கு முன்பைவிடக் கூடுதலா குறைவா? இந்த அட்டைகள் எல்லாவற்றிலும் குழந்தைக்கு மிக அருகில் நிற்பது இதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் ரப்பர் சூப்பான் தேவைப்படுகிறதா என்றும் அது கேட்கிறது. சூப்பானே வாங்காத வீட்டில், அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி தூங்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி எதையும் அளக்காது. புனேயில் இதை மராத்தியில் பெயர்த்தால் மட்டும் போதாது. கேள்வியையே அந்த வீட்டுக்கு ஏற்ப மாற்றி, அங்குள்ள தாய்மாரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். முகப் படத்தைத் தொட்டு வலியைச் சொல்லச் சொல்லும் அட்டைகளிலும் இதே கண்ணி உண்டு. வோங்-பேக்கர் அட்டையின் முதல் முகம் சிரிக்கிறது. வலியில்லாமல் பயத்தோடு மட்டும் இருக்கும் பிள்ளை சிரிக்கும் முகத்தைத் தொடத் தயங்கும். 2001இல் திருத்தி வெளியான வேறோர் ஆறு முக அட்டையில் சிரிப்பும் கண்ணீரும் இல்லாதது இதனால்தான்.

நெரிசலான அரசு மருத்துவமனையில் ஒரு செவிலியர் இத்தனை அட்டைகளை எப்படி நிரப்புவார் என்ற மறுப்பு நியாயமானது. எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் நிரப்பச் சொல்லவில்லை. வீட்டுக் கேள்விகள் ரிக்கவரி அறைக்கு உரியவையே அல்ல. இன்னொரு மறுப்பு கனமானது: பிள்ளையின் நடத்தை மாறுவதற்கு மயக்க மருந்துதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? பசி, ஊசி, அந்நிய முகங்கள் எல்லாம் சேர்ந்துதானே வருகின்றன? உண்மைதான். குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கிய பன்னாட்டு ஆய்வு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒருமுறை மயக்கம் ஐந்து வயதில் அறிவுத்திறனைப் பாதித்ததாகக் காணவில்லை என 2019இல் அறிவித்தது. ஆனால் மருந்து குற்றவாளியல்ல என்பதால் கெட்ட கனவு பொய்யாகிவிடாது. காரணம் எதுவானாலும் அந்தப் பிள்ளை இன்னும் தேறவில்லை. புனேயோ சென்னை எழும்பூரோ, வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே நான்கு வரி இடம் விடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பிள்ளை தூங்குகிறதா, சாப்பிடுகிறதா, விளையாடுகிறதா, உங்களை விட்டு நகர்கிறதா என்று தாயிடம் அவர் மொழியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.