மவ்ஸில் மருத்துவரும் சிங்கத்தின் இரைப்பையும்

அரபு மருத்துவர்கள் கிரேக்க நூல்களைப் பெயர்த்து எழுதினரேயன்றித் தம் கண்ணால் எதையும் ஆய்ந்தாரில்லை எனும் கூற்று நம் மாணவரிடையேயும் வழங்குகிறது. மறுமொழி தேடுவோர் இப்னு ஸீனாவோடு நின்றுவிடுகின்றனர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் (கி.பி. 10) மவ்ஸிலில் வாழ்ந்த அஹ்மது இப்னு அபில் அஷ்அஸை நினைப்பாரில்லை.

உணவைப் பற்றிய ‘அல்காதீ வல்முக்ததீ’ எனும் தமது நூலில், உயிருள்ள சிங்கமொன்றின் இரைப்பையை ஆய்ந்ததை அவர் பதிந்துள்ளார். சூழ நின்றோர் அதனைச் சிறிதென்றே எண்ணினர். அவரோ குடம் குடமாக நீரை அதன் தொண்டையில் வார்த்தார். இரைப்பை உப்பியது, அதன் உட்சுவர் வெளிச்சுவரைப் போலவே வழுவழுப்பாயிற்று. பின்னர் கீறி நீரை வெளியேற்றவே அது சுருங்கி, குடலுக்குச் செல்லும் வாயில் புலப்பட்டது. உணவு நிறையும்போது இரைப்பையின் உள்மடிப்புகள் விரிந்து மறையும் என்றே இன்றைய உடற்கூற்றியலும் கூறுகிறது.

மிகைப்படுத்தலும் வேண்டா. உடல்வெப்பத்தில் உணவு சமைக்கப்படுவதே செரிமானம் எனும் ஜாலினூஸின் கொள்கையே அக்காலத்தில் கோலோச்சியது. இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டென வில்லியம் பிரௌட் அறிவித்தது 1824இல்தான். துப்பாக்கிக் காயத்தால் துளைபட்ட ஒருவரின் இரைப்பையைப் பல்லாண்டு நோக்கி, அமெரிக்க மருத்துவர் வில்லியம் போமண்ட் எழுதிய நூல் 1833இல் வெளிவந்தது. மவ்ஸில் மருத்துவர் மறைந்து அப்போது 850 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.