குருதி அறிக்கை தீர்ப்பு ஆகாது

பித்தப்பைப் புற்றுநோய் ஓசையின்றி வளர்வது. வலியும் செங்கமாரியும் தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகின்றது. ஆகவே, குருதிப் பரிசோதனையிலேயே அதனை முன்கூட்டி அறியலாமா என்ற கேள்வி நியாயமானதே.

இந்நோயில் வைத்தியர்கள் நாடும் அடையாளப் பொருள்களுள் முதன்மையானவை இரண்டு. 1965இல் கண்டறியப்பட்ட சி.ஈ.ஏ. ஒரு புரதம். 1979இல் அறியப்பட்ட சி.ஏ. 19-9, புரதங்களோடு பிணைந்துள்ள சர்க்கரைத் தொடர். பின்னதன் வழமையான மேல் எல்லை மில்லிலீற்றருக்கு 37 அலகு. ஆயின், வெறும் கல் பித்தக்குழாயை அடைத்தாலும், அங்கு கிருமித்தொற்று ஏற்பட்டாலும் இவ்வளவு பன்மடங்கு உயரக்கூடும். ஆரோக்கியமான பித்தக்குழாய்ச் சுவரும் இதனைச் சுரப்பதே காரணம். அடைப்பு நீங்கினால் அளவும் தணியும். மறுபுறம், நூற்றுக்கு 5 முதல் 10 பேரின் உடல் இதனை ஆக்குவதேயில்லை. புற்றுநோய் இருந்தாலும் அவர்களது அறிக்கை வழமை என்றே காட்டும்.

எனவே, இலக்கத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அதை நம்பி அயரவும் வேண்டா. வயிற்று ஸ்கான் பரிசோதனையே முதற்படி. கற்களுக்காக அகற்றப்படும் பித்தப்பையையும் இழைய ஆய்வுக்கு அனுப்புதல் அவசியம். எதிர்பாராத புற்றுநோய் சிலவேளை அங்கேதான் வெளிப்படுகின்றது.

குடாநாட்டு நோயாளர் மகரகமவையே பெரிதும் நம்பியிருந்த காலம் ஒன்றிருந்தது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவியது. அறிக்கையை வீட்டில் வைத்துக் கலங்காது, தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுசெல்லுமாறு வாசகர்களை வேண்டுகின்றோம்.