பாம்புக்கடி இறப்புகள்: மருத்துவமனைக் கணக்குக்கு வெளியே

2024 நவம்பரில் தமிழக அரசு, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்தது. நெடுங்காலம் எதிர்பார்த்த ஆணை இது. ஆனால், மருத்துவமனை வாசலை மிதித்தவர்களை மட்டும் எண்ணும் ஏற்பாடு, பாம்புக்கடி இறப்புகளில் பெரும்பகுதியைத் தவறவிடும் என்பதே என் வாதம்.

'பத்து லட்சம் இறப்பு ஆய்வு' இதற்கு வலுவான சான்று. 2001–03இல் நாடெங்கும் 6,671 பகுதிகளில் நேர்ந்த சுமார் 1,23,000 இறப்புகளை, களப்பணியாளர்கள் வீடு தேடிச் சென்று உறவினரிடம் கேட்டுப் பதிந்தார்கள். அதைக்கொண்டு 2005க்கு மதிப்பிடப்பட்ட பாம்புக்கடி இறப்புகள் ஏறத்தாழ 46,000. 2008இன் அரசு மருத்துவமனை அறிக்கைகளிலோ, ஆறு மாநிலங்கள் நீங்கலாக, 1,364தான். ஆய்வில் கண்ட பாம்புக்கடி இறப்புகளில் மருத்துவமனையில் நேர்ந்தவை கால்பங்குக்கும் குறைவு.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்வோம். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியும்போது வயிற்றுவலி, பிறகு இமை சரிவு, கடைசியில் மூச்சுத்திணறல். "வயித்துவலியில போயிட்டாரு" என்பார்கள் வீட்டார். கிராம நிர்வாக அலுவலரின் இறப்புப் பதிவில் அதுவே ஏறிவிடலாம்.

மருத்துவமனையிலும் பாம்பு மறைந்துபோகும். இறப்புக் காரணத்துக்கான மருத்துவச் சான்றிதழின் முதற்பகுதியில் உடனடிக் காரணம் மேல்வரியிலும், அதற்கு மூலமானது கீழ்வரியிலும் எழுதப்பட வேண்டும். கண்ணாடி விரியன் கடித்து, சிறுநீரகம் பழுதாகி, பத்தாம் நாள் இறந்தவருக்கு 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று மட்டும் எழுதிக் கீழ்வரியை வெறுமையாக விட்டால், அந்த மரணம் சிறுநீரக நோய்க் கணக்கில் சேரும். இந்தப் படிவத்தை நிரப்பும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதால் விளையும் பயன், புதிய செயலி எதனாலும் விளையாது என்பேன்.

பாம்புக்கடி மரணம் காவல் நிலையத்தில் இயற்கைக்கு மாறான மரணமாகவும் பதிவாகிறது. ஆக, ஒரே சாவு மூன்று அலுவலகங்களில் மூன்று விதமாக எழுதப்பட வாய்ப்புண்டு. வட்டார மருத்துவ அலுவலர் மாதம் ஒருமுறை இம்மூன்றையும் ஒத்துப்பார்த்து, ஐயம் எழும் இறப்புக்குக் கிராம சுகாதாரச் செவிலியரை அனுப்பி வீட்டாரிடம் விசாரிக்கச் செய்யலாம். தாய்மார் இறப்பை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்த நீண்ட அனுபவம் தமிழகத்துக்கு இருக்கிறது. அந்த முறையைப் பாம்புக்கடிக்கும் விரிக்க வேண்டும்.

செவிலியரின் பணிச்சுமை பற்றிய மறுப்பு நியாயமானதே. தாளிலும் கணினியிலும் ஒன்றையே இருமுறை எழுதும் வேலையை அவரிடமிருந்து முதலில் எடுத்துவிட வேண்டும். திரட்டிய கணக்கு அவருடைய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே திரும்பி வரவும் வேண்டும்: எந்த ஊரில், எந்த மாதத்தில் கடி மிகுதி என்பது தெரிந்தால்தான், மழைக்காலத்துக்கு முன்பே விஷமுறிவு மருந்துக் குப்பிகளை அங்கே கேட்டு வாங்கி வைக்க முடியும்.