பார்சிபாகன் சந்து ஆசிரியர்

மனக்கோளாறுக்கு வைத்தியம் என்றால் நம் நாட்டில் நெடுங்காலம் வேப்பிலையும் சங்கிலியுந்தான் நினைவுக்கு வரும். நோயாளியைச் சாய்ந்து படுக்கச் சொல்லி, தோன்றுவதையெல்லாம் ஒளிக்காமல் பேசவிட்டு, டாக்டர் பின்னால் அமர்ந்து பொறுமையாகக் கேட்பதும் ஒரு வைத்தியந்தான் என்று உலகுக்குச் சொன்னவர் வியன்னா நகரத்து ஸிக்மண்ட் பிராய்டு. அந்தப் பெரியவரை ஒருமுறைகூட நேரில் காணாமல், கல்கத்தாவில் இருந்தபடியே அந்த வித்தையைக் கற்று, பிறருக்கும் கற்பித்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் கிரீந்திரசேகர போஸ்.

1887-ல் பிறந்த போஸ் தொழிலால் டாக்டர். ஹிப்னாடிசத்தில் கைதேர்ந்தவர். பிராய்டின் நூல்கள் ஆங்கிலத்தில் வரத் தொடங்கியதும் அவற்றைத் தேடிப் படித்தார். நோயாளிகளிடம் தாமே சோதித்துப் பார்த்தார். 1921-ல் கல்கத்தா சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. ஆசைகள் மனத்தின் அடியில் அமுக்கப்படுவதைப் பற்றியது அவருடைய ஆராய்ச்சி. அந்நூலை வியன்னாவுக்கு அனுப்பினார். இந்தியாவிலா இத்தனை ஈடுபாடு என்று பிராய்டு வியந்து பதில் எழுதினார்.

1922-ல் பார்சிபாகன் சந்து 14-ஆம் எண் வீட்டில், பதினைந்து அங்கத்தினர்களுடன் இந்திய மனப்பகுப்புச் சங்கம் பிறந்தது. 1953-ல் கண் மூடும்வரை போஸே அதன் தலைவர். அவருடைய அண்ணன் ராஜசேகர போஸ், 'பரசுராம்' என்ற புனைபெயரில் வங்காளத்தையே சிரிக்கவைத்த எழுத்தாளர். கதை எழுதுகிறவன் என்ற முறையில் அந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. தம்பி மனிதர்களின் உள்ளறையைத் திறந்து பார்த்தார். அண்ணன் அவர்களுடைய வாசல் திண்ணைக் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார்.

போஸ் சொன்ன கொள்கைதான் என்ன? ஒரு சின்னக் காட்சியை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் பிரம்படி வாங்கிய பையன் வீட்டுக்கு வருகிறான். திண்ணைத் தூண்களை வரிசையாக மாணவர்களாக்கி, அவற்றை அதட்டுகிறான். ஒரு குச்சியை எடுத்து விளாசுகிறான். அடி வாங்கியவன் அடிப்பவனாகிவிட்டான். போஸின் நோக்கில் இது வெறும் விளையாட்டு அல்ல. ஒவ்வோர் ஆசைக்கும் நிழல்போல எதிர் ஆசை ஒன்று உண்டு என்பார் அவர். அடிக்கும் ஆசையோடு அடிபடும் ஆசை, காதலிக்கும் ஆசையோடு காதலிக்கப்படும் ஆசை. ஒன்று மேலே வரும்போது மற்றது கீழே பதுங்கிக் கிடக்கும். அந்த இழுபறியே நோய்க்கு வித்து.

அவருடைய வைத்திய முறையும் இதிலிருந்து பிறந்ததுதான். நோயாளி பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிட மாட்டார். "இப்போது எதிராளியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்" என்று வழி காட்டுவார். அடித்தவன் அடிபட்டவனாகவும், அடிபட்டவன் அடித்தவனாகவும் கற்பனை செய்ய வேண்டும். இப்படி இரண்டு ஆசைகளும் ஸீ-ஸா பலகையின் இரு முனைகளைப்போல மாறி மாறி மேலே வந்து, கடைசியில் சமநிலைக்கு வரும். அப்போது நோயின் பிடி தளரும் என்பது அவர் துணிபு.

தமக்கு வழிகாட்டிய பிராய்டிடமே இதைச் சொல்ல அவர் தயங்கவில்லை. தந்தையின் தண்டனைக்கு அஞ்சியே சிறுவன் ஆசையை அமுக்குகிறான் என்றார் பிராய்டு. அந்தப் பயம் உண்மைதான், ஆனால் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற ஆசை உள்ளே கிடப்பதால்தான் அந்தப் பயத்துக்கு அத்தனை வலிமை என்று 1929-ல் போஸ் எழுதினார். எதிர் ஆசைகளைக் கவனத்தில் வைப்பதாக பிராய்டு பதிலளித்தார், முழுமையாக ஏற்கவில்லை. போஸும் தம் கருத்தைக் கைவிடவில்லை. ஆனாலும் 1931-ல், பிராய்டின் எழுபத்தைந்தாம் ஆண்டையொட்டி, தந்தத்தாலான விஷ்ணு சிலை ஒன்று கல்கத்தாவிலிருந்து வியன்னாவுக்குப் போயிற்று. பிராய்டு அதை மேஜைமேல் வைத்துக்கொண்டார். சில நாளில் அதில் விரிசல் கண்டது. கல்கத்தாவில் பழகிய கடவுளுக்கு வியன்னாவின் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று வேடிக்கையாகக் குறித்து வைத்தார்!

இந்த வரலாற்றில் என்னை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. மனத்தைப் பகுக்க விரும்புகிறவன் முதலில் தன் மனத்தை இன்னொருவரிடம் பகுப்புக்கு விடவேண்டும் என்பது 1925-க்குப்பின் ஐரோப்பாவில் விதியாயிற்று. போஸ் அப்படி யாரிடமும் படுத்ததில்லை. அவர் 'கற்பனை செய்யுங்கள்' என்று சொன்னபோது நோயாளி கண்டது தன் ஆசையையா, டாக்டரைத் திருப்திப்படுத்தும் ஒரு கதையையா? குருவின் சொல்லுக்குத் தலையாட்டிப் பழகிய நாட்டில் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஆனால் பிராய்டையும் யார் பகுத்தார்? எந்த வித்தையிலும் முதல் மனிதன் தானே நடந்துதான் பாதை போடவேண்டியிருக்கிறது.

1940-ல் கல்கத்தாவில் அவர்கள் தொடங்கிய லும்பினி பார்க் மனநோய் மருத்துவமனைக்கு அண்ணன் ராஜசேகர் இடம் கொடுத்து உதவினார். ஸீ-ஸா முறை உலகில் பரவவில்லை. ஆயினும் போஸின் பாடத்தில் ஒரு பகுதி கதாசிரியனான எனக்குப் போதும். கொடுமைக்காரன் ஒருவனை எழுத உட்காரும்போதெல்லாம், இவன் யாரிடம் அடி வாங்கினான் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நல்லவனை எழுதும்போது, இவன் யாரை அடிக்க ஆசைப்பட்டான் என்று கேட்கத்தான் இன்னும் துணிவு வேண்டியிருக்கிறது.