12 கம்பி கிட்டார் தெரியும்... மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 8 கம்பியை 5 ஆக்கியது ஏன்?

பங்குனிப் பொங்கலுக்கு சிவகாசி, விருதுநகர் பக்கம் இன்னிசைக் கச்சேரிகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் 6 கம்பி எலெக்ட்ரிக் கிட்டார். அதுவே 12 கம்பி என்றால்? ஸ்வரம் இரண்டு மடங்கு ஆகிவிடாது. அதிலும் 6 ஜோடிகள்தான்.

ஜோடி எதற்கு?

மெல்லிய 2 ஜோடிகளில் இரு கம்பிகளும் ஒரே ஸ்வரம். மற்ற 4 ஜோடிகளில் ஒரு கம்பி இன்னொன்றைவிட ஒரு ஸ்தாயி மேலே. அதனால் ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கிற மாதிரி கேட்கும். 1964-ல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்த ரிக்கன்பேக்கர் 12 கம்பி எலெக்ட்ரிக் கிட்டார்தான் இந்த ஒலியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது.

ஸ்ரீநிவாஸ் செய்தது நேர்மாறு!

மாண்டலினிலும் 4 ஜோடி, மொத்தம் 8 கம்பிகள். ஆனால் கர்நாடக இசைக்கு உயிரே கமகம். கம்பியை இழுத்து ஸ்வரத்தை அசைக்கும்போது ஜோடியின் இரு கம்பிகளும் ஒரே அளவில் இழுபடாவிட்டால் சுருதி பிசகிவிடும். அதனால்தான் யு.ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை விட்டுவிட்டு, 5 ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை வாசித்தார்.

மேற்கத்திய வாத்தியத்தில் கர்நாடக ராகமா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அவர் சிறுவனாக இருக்கும்போதே அதற்குப் பதில் சொல்லிவிட்டார். 1998-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2014-ல் 45 வயதில் மறைந்தார்.